வாயில்லாப் பகைவர்

வட்டுக்கோட்டைத் தருமபுத்திரன் நாட்டுக்கூத்தை விடியுமட்டும் இருந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். வடமோடிக் களரியில் அரசர் எவரும் கதைக்கு நடுவே சும்மா வந்து குதிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வரவு உண்டு. அவ்வரவுக்கென ஒரு தரு உண்டு. தாம் இன்னார், இன்ன குலத்தவர், இன்னது கருதி வந்தோம் என்பதைப் பாட்டாலும் ஆட்டத்தாலும் அறிவித்த பின்னரே கதை மேலே செல்லும். தருமனுக்கு மட்டுமன்று, துரியோதனனுக்கும் இவ்வுரிமை உண்டு. அவனது வரவு என்பதற்காக அண்ணாவியார் மத்தளத்தைத் தளர்த்தி அடிப்பதில்லை. பிற்பாட்டுக்காரர் குரலைத் தாழ்த்துவதுமில்லை. சுற்றியிருப்போர் பாண்டவர் பக்கத்தவரே. ஆயினும் துரியோதனன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கின்றனர். கேட்டுவிட்டே அவன் தோற்கவேண்டும் என்று விரும்புகின்றனர்.

சண்டிலிப்பாயிலிருந்து அக்களரி சில கல் தொலைவுதான். எனினும் எம் மாணவர் இன்று கண்டு வளர்வது கூத்தையன்று. தமிழகத்திலிருந்து வரும் சண்டைப் படங்களையே. குண்டு வைப்பவன், அவனைத் தேடும் வீரன், வீரனின் குடும்பத்துக்கு நேரும் இழப்பு, அதற்குப் பழி, பழியின் மேலே பறக்கும் கொடி என்று அப்படங்களின் ஒழுங்கு ஏறத்தாழ வாய்பாடாகிவிட்டது. இவ்வாய்பாட்டில் பகைவனுக்கு வரவு இல்லை. அவன் திரையில் தோன்றும்போதே கையில் வெடிகுண்டுடன் தோன்றுகிறான். ஏன் வந்தாய் என்று அவனை ஒருவரும் வினவுவதில்லை. வினவினால் ஒரு தனிமனிதனின் பழியை நாட்டின் அறமாக உயர்த்துவது அத்துணை எளிதாயிராது. பகைவனின் வாயை அடைப்பது இவ்வகைப் படங்களில் தற்செயலாய் நேர்ந்த குறையன்று. கட்டடத்தைத் தாங்கும் தூணே அதுதான் என்பது என் எண்ணம்.

இது சினிமாவின் பிறவிக்குணம் என்று கூறுதல் பொருந்தாது. பி. ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959 இல் வெளிவந்தது. சிவாஜி கணேசனும் ஜாக்சன் துரையும் எதிரெதிரே நிற்கும் கட்டத்தை அறியாதவர் யார்? எத்தனை தலைமுறை மாணவர் ஒட்டுமீசை வைத்துக்கொண்டு பாடசாலை மேடைகளில் அதை ஒப்புவித்திருக்கின்றனர்! அதற்கு எப்பொழுதும் இருவர் வேண்டும். ஜாக்சனாக நிற்பதற்கும் ஒரு பையன் வேண்டும். வரி கேட்பதற்கும் ஒரு வாய் வேண்டும். வெள்ளையனை நல்லவனாகக் காட்ட அப்படம் முயலவில்லை. ஆயினும் அவன் கேட்கவில்லையெனின் கட்டபொம்மனுக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

தீவிரவாதி என்ற சொல்லின் கதையும் சிந்திக்கத்தக்கது. 1907 இல் சூரத்தில் காங்கிரஸ் பிளவுண்டதை உரைக்கும் வரலாற்று நூல்கள் ஒரு சாராரை மிதவாதிகள் என்றும், திலகர் பக்கம் நின்றோரைத் தீவிரவாதிகள் என்றும் பிரித்துச் சொல்லும். வ. உ. சிதம்பரனாரும் பாரதியாரும் அக்கணக்கில் தீவிரவாதிகளே. 1911 ஜூன் 17 இல் மணியாச்சிப் புகையிரத நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் மாண்ட வாஞ்சிநாதனை 1961 இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ தியாகியாகவே காட்டியது. புகைவண்டிப் பெட்டிக்குள் மனைவியுடன் இருந்த ஓர் அதிகாரி சுடப்பட்டதைக் கண்டு படமாளிகையில் கைதட்டினர். அதே தமிழ்ச் சினிமா முப்பது ஆண்டுகளின் பின் அதே சொல்லை இழிசொல்லாக எடுத்தாண்டது. இலங்கையிலோ அது ‘பயங்கரவாதம்’ என்று சட்டத்தில் ஏறியது. 1979 இல் தற்காலிகமானது என்று கூறிக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. எங்கள் திண்ணைகளில் இவ்விரு சொற்களும் வழங்கவில்லை, ‘பெடியள்’ என்றார்கள். ஒருவனே கொழும்பில் ஒரு பெயரும் கோடம்பாக்கத்தில் ஒரு பெயரும் சண்டிலிப்பாயில் ஒரு பெயரும் பூண்டிருந்தான்.

மணிரத்தினத்தின் ‘ரோஜா’ 1992 இல் வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்பொழுது மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. அவ்வாறிருந்தும் ஏ. ஆர். ரகுமான் என்ற புதியவரின் பாடல்கள் எங்களை வந்தடைந்தன. காஷ்மீரத்தில் கடத்தப்படும் தமிழ் இளைஞன் ரிஷிகுமார், கைகள் கட்டுண்ட நிலையில், எரியும் தேசியக் கொடியின்மேல் பாய்ந்து தன் உடலாலேயே தீயை அணைக்கிறான். அதே வேளை அவனைக் கடத்திய லியாக்கத் தொழுகையில் இருக்கிறான். கொடியையும் தொழுகையையும் மாறி மாறிக் காட்டும் அக்கட்டத்தில் படத்தின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. தேசிய ஒருமைப்பாட்டுக்கான சிறந்த படம் என்ற இந்திய அரசின் விருதும் அதற்குக் கிடைத்தது. 1994 இல் தேஜஸ்வினி நிரஞ்சனா ஓர் ஆங்கில வார இதழில் இப்படத்தைப் பற்றி எழுதிய விமரிசனம், இணைக்கப்படுவது யாருடைய தேசம் என்று வினவியது. பெரும் விவாதம் எழுந்தது. அவ்விவாதத்தில் நான் இருசாராரையும் பாதி ஏற்பேன். ‘ரோஜா’வில் பகைவனுக்கு அரைவாயாவது உண்டு. எல்லைக்கு அப்பால் அனுப்பிய தம்பி அந்நாட்டுப் படையினராலேயே கொல்லப்பட்டான் என்றறிந்து லியாக்கத் உடைந்து அழுகிறான். இறுதியில் கைதியைச் சுடாது விடுகிறான். பழி அங்கே நிறைவேறவில்லை. கைதிக்கு உதவும் அவன் தங்கையோ படம் முழுவதிலும் ஏறக்குறைய ஒரு சொல்லும் பேசுவதில்லை. அந்த மௌனத்தை எழுதிக் காட்ட வல்ல கதாசிரியர் ஒருவர் இனித்தான் வரவேண்டும்.

மூன்றாண்டு கழித்து, 1995 இல், பி. சி. ஸ்ரீராமின் ‘குருதிப்புனல்’ வந்தது. கோவிந்த் நிஹலானியின் ‘துரோக்கால்’ என்ற ஹிந்திப் படம் அதன் மூலம். சண்டைப் படத்தின் எல்லைக்குள் நின்றுகொண்டே பகைவனுக்கு முழு வாய் கொடுத்த தமிழ்ப்படம் இதுவே எனலாம். நாசர் நடித்த பத்ரி சிறைப்பட்டிருந்தும் பேசுகிறான். அவன் பேச்சில் விசாரிக்கும் அதிகாரியே நிலைகுலைகிறார். தன் குடும்பத்துக்கு அஞ்சி நேர்மையை விற்கும் கதாநாயகனை நம் இரசிகர் அதற்கு முன் அதிகம் கண்டதில்லை. வசூலில் அப்படம் பெரிதாக என்றும் பேசப்படவில்லை. படித்தவர் இன்றும் பேசுகின்றனர்.

அதன் பின்னர் கதவு மூடத் தொடங்கியது. 2008 நவம்பரில் மும்பையில் 166 பேரைப் பலிகொண்ட தாக்குதல்தான் காரணம் என்பர். முழுக் காரணம் அதுவன்று. ‘உன்னைப்போல் ஒருவன்’ படத்தின் ஹிந்தி மூலம் அத்தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பே வெளிவந்துவிட்டது. வழக்கு நீளும், சட்டம் தளரும், ஆகவே சாமானியன் ஒருவன் தானே தண்டனையை நிறைவேற்றலாம் என்ற பொறுமையின்மை முன்னமே முளைத்திருந்தது. தமிழில் கமல்ஹாசன் நடித்து அது திரைக்கு வந்தது 2009 செப்டம்பரில். அந்தச் செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து நான்கு மாதம். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் முள்வேலிக்குள் இருந்தனர். யார் பயங்கரவாதி, யார் அல்லர் என்ற தரம்பிரிப்பு நடந்துகொண்டிருந்தது. விசாரணை வேண்டாம், கொன்றுவிடலாம் என்று ஒரு படம் நயமான தமிழில் வாதிட்டதைக் கேட்டுத் தமிழகத்துப் படமாளிகைகள் கைதட்டின. எங்கள் பக்கத்தில் அதைக் கண்டோரும் அந்நடிப்பை மெச்சினர். மெச்சத்தக்கதே. ஆனால் அந்த வாதத்தின் விரல் எந்தத் திசையைச் சுட்டியது என்பதை எத்தனை பேர் உணர்ந்தனரோ அறியேன்.

2012 இல் ‘துப்பாக்கி’. விடுமுறையில் மும்பைக்கு வந்த இராணுவ வீரன் ஒருவனும் அவன் தோழர்களும், பன்னிரு சந்தேகநபர்களை நகரின் வெவ்வேறு இடங்களில் பின்தொடர்ந்து, ஒரே வேளையில் சுட்டு வீழ்த்துகின்றனர். விரைவும் ஒழுங்கும் உடைய காட்சி. படமெடுத்த திறனைக் குறைகூற இயலாது. பன்னிருவருள் ஒருவனேனும் தன் வரவைப் பாடியிருந்தால் அந்த ஒழுங்கு குலைந்திருக்கும்.

இனி ‘அமரன்’. 2014 ஏப்ரல் 25 இல் காஷ்மீரத்துச் சோபியான் பகுதியில் மாண்டு, அசோகச் சக்கர விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. 2024 தீபாவளிக்கு வெளிவந்தது. மெய்யாக வாழ்ந்த ஒருவர், அவர் மனைவி, பெண்குழந்தை, மெய்யான இழப்பு. சாய் பல்லவி அழாமல் நிற்கும் இடத்தில் பார்ப்போர் அழுகின்றனர். அந்தத் துயரத்தைப் பொய்யென்று கூறுபவன் மனிதனல்லன். எங்கள் மாணவரும் அழுதனர். அதனால் அவர்களைக் குறைகூறவும் மாட்டேன். எனினும் அவர்களுக்கு இன்னொரு மேஜரைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது.

எங்கள் ஊருக்கு அயலிலுள்ளது கந்தரோடை. பழைய பௌத்தச் சின்னங்களுக்காகச் சரித்திர மாணவர் அறிந்த ஊர். 1987 நவம்பர் 25 இல் அங்கே மேஜர் இராமசாமி பரமேசுவரன் மாண்டார். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். முகுந்தைப் போலவே சென்னை அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில் தேறியவர். ஆயுதம் தேடிச் சென்று இரவுமுழுதும் அலைந்து திரும்புகையில் அவரது படைப்பிரிவு வளைக்கப்பட்டது. மார்பில் குண்டு பட்ட பின்னும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டார் என்றும், உயிர் பிரியும்வரை தம் படையினருக்குக் கட்டளையிட்டார் என்றும் அவரது விருதுச் சான்று கூறுகிறது. இலங்கைக்கு வந்த இந்தியப் படையினருள் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அப்படையினருள் 1,100 க்கு மேற்பட்டோர் இத்தீவில் மாண்டனர்.

இதற்கு ஐந்து கிழமை முன், 1987 ஒக்டோபர் 21 இல், அதே படையினர் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்தனர். அன்றும் தீபாவளி. அன்றும் மறுநாளுமாக நோயாளர், தாதியர், மருத்துவர் உட்பட 60 க்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கைகளை உயர்த்தியபடி வெளியே வந்த குழந்தை மருத்துவர் ஒருவரும் அவர்களுள் அடங்குவார்.

கந்தரோடைக் கதையை ஒருவர் படமாக்குவதாக வைத்துக்கொள்வோம். சென்னையில் எடுத்தால் பரமேசுவரன் அமரன். பனைவேலிக்குப் பின்னிருந்து சுட்ட பையன் பெயரில்லாத் தீவிரவாதி. அவனுக்கு ஒக்டோபர் 21 நினைவிருக்கலாம் என்பது அப்படத்தில் வராது. இங்கே எடுத்தால் அப்பையன் மாவீரன். மேஜரோ தொப்பியும் துவக்கும் மட்டுமே. அவர் தமிழில் சிந்தித்திருக்கக்கூடும், அவருக்கும் வீட்டில் ஒருவர் காத்திருந்திருக்கக்கூடும் என்பது அப்படத்தில் வராது. இரண்டு படத்துக்கும் ஒரே கதை, ஒரே ஒழுங்கை, ஒரே இரத்தம். இரண்டிலும் ஒருவன் ஊமை. இவ்விரு படங்களையும் ஒருங்கே தன் தலைக்குள் ஓட்டக்கூடிய நிலையில் இருப்பவன், வேறெவனையும்விட, இந்த வலிகாமத்து வாசகனே.

நம்மைப் பற்றிய படம் பிறரால் எடுக்கப்பட்டபோது நாம் அறச்சீற்றங்கொண்டோம். 2013 ஓகஸ்டில் வந்த ‘மெட்ராஸ் கஃபே’ ஹிந்திப் படத்தைத் தமிழகப் படமாளிகைகள் திரையிடவில்லை. 2021 இல் ‘ஃபமிலி மான்’ தொடரின் இரண்டாம் பகுதிக்கு எதிராகத் தமிழக அமைச்சரே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். எம்மை மனிதராகக் காட்டவில்லை, எம் காரணத்தைச் சொல்லவில்லை என்பது குறை. நியாயமான குறைதான். ஆனால் அதே 2013 இன் தை மாதத்தில், அதே தமிழகத்தில், ‘விஸ்வரூபம்’ படத்தை எதிர்த்து முஸ்லிம் அமைப்புக்கள் கூறியதும் இதே குறையல்லவா? ‘துப்பாக்கி’க்கு எதிராக அவர்கள் கூறியதும் இதுவே. ஓராண்டுக்குள், ஒரே மாநிலத்தில், இரு சாரார் ஒரே முறைப்பாட்டை எடுத்துரைத்தனர். ஒருவர் குரல் மற்றவர் செவியில் விழவில்லை. இருவரும் கேட்ட பரிகாரமும் தடை. வாயில்லை என்று முறையிட்டவர் இன்னொரு வாயை அடைக்கச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு இவ்விடயத்தில் மேலும் ஒரு கடன் உண்டு. 1990 ஒக்டோபர் 30 இல் விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். வடமாகாணம் முழுவதிலுமாக எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்மாதத்தில் வெளியேற்றப்பட்டனர். அவர்களை ஒருவரும் விசாரிக்கவில்லை. சரியாக ஐந்தாண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவில், சண்டிலிப்பாய் உட்பட வலிகாமம் முழுவதும் பெட்டி படுக்கையுடன் தென்மராட்சி நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்து நெரிசலைக் கதையாகவும் கவிதையாகவும் எழுதிவைத்த நாம், முன்னையதைப் பற்றி எழுதியது எவ்வளவு?

பழிபற்றி நம் முன்னோர் எண்ணியது வேறு வகை. வில்லிபுத்தூரார் தம் பாரதத்தைச் சௌப்திக பருவத்தோடு முடித்தார். போர் முடிந்த இரவு. பாசறையில் உறங்குவோரை அசுவத்தாமன் வெட்டிச் சாய்க்கிறான். இன்றைய படமாயின் அவனைவிடக் கொடிய தீவிரவாதி வேண்டுவதில்லை. ஆனால் பாரதம் கேட்பவன் அவன் தந்தை துரோணர் எவ்வாறு மாண்டார் என்பதை ஏற்கெனவே கேட்டிருக்கிறான். தருமன் வாயிலிருந்து வந்த அரைப்பொய்யை அவன் மறக்க முடியாது. வியாசரின் நூலில் அசுவத்தாமனின் தலைமணி பறிக்கப்படுகிறது, உயிர் விடப்படுகிறது. பாகவதத்திலோ பிள்ளைகளைப் பறிகொடுத்த திரௌபதியே, தன்னைப் போல் அவன் தாயும் அழவேண்டாம் என்று அவனை விடுவிக்கச் சொல்கிறாள். கண்ணகி மதுரையை எரித்தாள். அதற்கு முன் அவைக்கு வந்து வழக்குரைத்தாள், பாண்டியன் தன் குற்றத்தைத் தானே சொல்லி மாண்டான். அதன் பின்னரும் ஊரை எரித்தது தகுமோ என்று புலவர் இன்றும் வாதாடுகின்றனர். மட்டக்களப்புப் பகுதியில் வைகாசி மாதத்தில் கண்ணகி வழக்குரையைப் படித்து, ஈற்றில் குளிர்த்தி பாடுவார்கள். எரிந்தவளைக் குளிர்விக்காமல் சடங்கு முடிவதில்லை. சண்டைப் படத்தில் குளிர்த்தி இல்லை. அடுத்த பாகம் உண்டு.

பகைவனுக்கு வரவு கொடுப்பது நம் காலத்தில் முடியாத செயலுமன்று. 1960 களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் புதுக்கி மேடையேற்றியபோது தெரிந்தெடுத்த தலைவர்கள் கர்ணனும் இராவணேசனும். இருவரும் தோற்றவர். சந்தோஷ் சிவனின் ‘டெரரிஸ்ட்’ (1998) தன்னையே குண்டாக்கிக்கொள்ளச் சம்மதித்த மல்லி என்ற பெண்ணின் முகத்தை விட்டு அகலாதிருந்தது. பொத்தானில் அவள் விரல் தயங்கி நிற்கப் படம் முடிகிறது. 2015 இல் கான் விழாவில் முதற் பரிசு பெற்ற ‘தீபன்’ படத்தில் எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்தார். பாரிஸ் புறநகரில் ஒரு முன்னாள் போராளியின் ஊமைத்துயரை நுணுகிக் காட்டிய பிரெஞ்சு இயக்குநர் கூட, ஈற்றில் அவன் கையில் கத்தியைக் கொடுத்துப் படியேற்றிச் சண்டைப் படமாக்கிவிட்டார். அவ்வாய்பாட்டின் இழுப்பு அத்தகையது. அசோக ஹந்தகம தமிழில் எடுத்த ‘இனி அவன்’ (2012) அவ்விழுப்புக்குள் முழுவதும் அகப்படவில்லை. ஊருக்குத் திரும்பும் முன்னாள் போராளியை வரவேற்க எவரும் இல்லை. அயலவரின் வெறுப்பு பேச்சாகவே வருகிறது. தர்ஷன் தர்மராஜ் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் நிலை கூத்துக் களரிக்கு உரியது.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு பயிற்சியாக முயன்று பார்க்கலாம். ‘துப்பாக்கி’யில் விழும் பன்னிருவருள் ஒருவனுக்கு வரவுத் தரு எழுதுமாறு மாணவரைக் கேளுங்கள். கந்தரோடை மேஜருக்கு ஒன்று. அவரைச் சுட்டவனுக்கு ஒன்று. அவனை நல்லவனாக்க வேண்டியதில்லை. இன்னார், இன்ன ஊரார், இன்னது கருதி வந்தார் என்றால் போதும்.

வாசிகசாலைக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ என்ற சிங்களப் படத்தை ஊரில் ஒருமுறை காட்டுங்கள். பௌர்ணமி இருட்டு என்பது தலைப்பின் பொருள். போர்முனையிலிருந்து மகனின் சவப்பெட்டி முத்திரையிட்டபடி வருகிறது. கண்பார்வையற்ற தந்தை வன்னிஹாமி, ஜோ அபேவிக்கிரம நடித்த முதியவர், அது தன் மகன் என்று நம்ப மறுக்கிறார்; நட்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிடவும் மறுக்கிறார். ஈற்றில் புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் வாழைக்குற்றிகளும் கற்களுமே கிடக்கின்றன. அரசு 2000 இல் அப்படத்தைத் தடுத்தது. இயக்குநர் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2001 இல் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. படம் முழுவதிலும் ஒரு தமிழனும் தோன்றுவதில்லை. அவனைத் தூற்றும் சொல்லும் இல்லை. மண்வெட்டியுடன் குழிக்குள் நிற்கும் அக்கிழவரைக் காண எங்கள் ஊரில் பிள்ளைகளைத் தேடும் தாய்மாரையும் அழைத்து முன்வரிசையில் இருத்துங்கள். வசனங்களைத் தமிழில் சொல்ல அருகே ஒருவர் இருந்தால் நன்று.